எத் சொற்கள் ஊமையான குளிர்காலம்

சுவீடன் நாட்டின் வடக்கே, பெரிய ஆறு ஒன்று வளைந்து போகிற கரையில் இருந்த அந்தச் சிற்றூரில், நவம்பர் மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, ரயில் கொஞ்சமும் சத்தமில்லாமல் வந்து நின்றது. மேடையில் நின்றவர்கள் தங்கள் காதில்தான் ஏதோ பிசகு என்று நினைத்துக் கம்பளித் தொப்பிகளைக் கழற்றிக் காதைத் தேய்த்துப் பார்த்தார்கள். ஆனால் நிலையத்து வாசலில் பஸ் உறுமிக்கொண்டு திரும்பியது எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது. அன்று மத்தியானத்துக்குள், குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓசையில்லாமல் விழுகிறது, ஆறு மட்டும் வழக்கம்போல இரைகிறது என்று சொன்னார்கள். கண்ணாடித் தம்ளர் ஒன்று கீழே விழுந்து சத்தமில்லாமல் சிதறியது, அதை எடுக்கக் குனிந்தவளின் கை பட்டு விழுந்த பீங்கான் கோப்பை வீடு முழுக்கக் கேட்க உடைந்தது என்று சொன்னார்கள். பள்ளிக்கூடத்துப் பியானோ ஊமை, வயலினுக்கு ஒன்றுமில்லை. பண்ணையில் செம்மறிகள் வாயைத் திறந்து திறந்து மூடின, பக்கத்துக் கொட்டிலில் மாடுகள் கத்தின. நடக்கிறவர்களின் காலடி கேட்கவில்லை, இருமல் கேட்டது. சிரிக்கிறவர்களின் சிரிப்பு கேட்கவில்லை, அழுகிறவர்களின் அழுகை கேட்டது.

மூன்றாம் நாள்தான், புதிதாக நாட்டுக்கு வந்தவர்களுக்கு மொழி கற்பிக்கிற பிர்கித்தா என்ற ஆசிரியை, கரும்பலகைக்கு முன்னால் நின்று மேசையைத் தட்டி, பிறகு நாற்காலியைத் தட்டி, பிறகு ஜன்னலையும் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கண்டுபிடித்தார். அந்த மொழியில் பொருட்களின் பெயர்களெல்லாம் இரண்டு வீடுகளாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒரு வீட்டுப் பெயர்களுக்கு முன்னால் 'என்' என்று சொல்ல வேண்டும், மற்ற வீட்டுப் பெயர்களுக்கு முன்னால் 'எத்' என்று சொல்ல வேண்டும். எது எந்த வீடு என்பதற்கு நம்பக்கூடிய விதி ஒன்றும் இல்லை. அங்கேயே பிறந்தவர்கள் தாய்ப்பாலோடு குடித்துவிடுவார்கள், வந்தவர்கள் ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வார்கள். கதவு என், ஜன்னல் எத். நாற்காலி என், மேசை எத். ஆறு என், தண்ணீர் எத். அழுகை என், சிரிப்பு எத். அந்த ஊரில் எத் வீட்டைச் சேர்ந்ததெல்லாம் ஊமையாகியிருந்தது.

ஏன் என்று ஊரில் யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. குளிர்காலம் வருகிறது, செய்ய வேண்டிய வேலைகள் இருந்தன. நகரசபை ஊமைப் பொருட்களின் பட்டியலை அச்சடித்து வீடு வீடாகப் போட்டது. ரயில் வருவதற்கு முன்னால் ஒருவர் தண்டவாளத்துக்கருகே நின்று கைமணி அடித்தார், மணி என் வீடு. ஒருவரையொருவர் திடுக்கிட வைக்காமல் இருக்க, தெருமுனை வருவதற்கு முன்பே எல்லோரும் இருமிக்கொண்டு நடந்தார்கள். பிர்கித்தாவின் வகுப்பில் படித்தவர்கள் மட்டும் கொஞ்சம் சந்தோஷப்பட்டார்கள். எந்தச் சொல்லையும் சொல்வதற்கு முன்னால் அந்தப் பொருளைத் தட்டிப் பார்த்தால் போதும், பிழை வராது. இருபத்தாறு வருடங்களாகச் சிவப்புப் பேனாவால் திருத்தி வந்த பிர்கித்தா அந்தப் பேனாவை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

அந்த வகுப்பில் பாமதி என்ற பெண்ணும் இருந்தாள். இலங்கையில் மன்னார்ப் பக்கத்து ஆள். அவளுடைய கணவன் கேதீஸ்வரன் பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை செய்தான். இருவரும் மூன்றாம் மாடியில் குடியிருந்தார்கள். அவள் வீட்டிலிருந்த திருவலைக்கு அந்த மொழியில் பெயரும் இல்லை, வீடும் இல்லை. அதனால் அவள் தேங்காய் திருவும்போது அது கரகரவென்று கேட்டது. சத்தத்துக்கு ஏங்கிப்போன கீழ்வீட்டுக் கிழவர் அதைக் கேட்பதற்காகவே படியேறி வந்து, கதவடியில் நின்று கேட்டுவிட்டுப் போவார்.

ஊமைக் காலம் வருவதற்கு முன், செப்டம்பர் மாதம் பாமதிக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு காலை வயிற்றில் அசைவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிரசவம் பார்க்கிற தாதி வயிற்றில் கருவியை வைத்து, திரையைப் பார்த்து, கருவியை நகர்த்தி, மறுபடி பார்த்து, பாமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையின் இதயம் கேட்கவில்லை. அது இறந்துவிட்டது" என்றாள். பாமதிக்கு அப்போது தெரிந்திருந்த சில நூறு சொற்களில் 'அது' என்பதும் ஒன்று. பெண் பிள்ளை. சத்தமில்லாமல் பிறந்தது. இரண்டு மணி நேரம் மடியில் வைத்திருந்தாள். தேவாலயத் தோட்டத்தில் குழந்தைகளுக்கென்று இருந்த வரிசையில் புதைத்து, ஒரு சின்ன மரப்பலகை நட்டார்கள். பலகையில் பெயர் இல்லை. பிறந்து முப்பத்தோராம் நாள் பிரசவத் துடக்குக் கழித்துத்தான் பேர் வைப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பிள்ளைக்கு முதலாம் நாளே வரவில்லை.

"அது கஷ்டப்படாமல் போட்டுது" என்றான் கேதீஸ். "அதை நினைச்சு நினைச்சு நீர் உடம்பைக் கெடுக்காதையும்."

அவன் சொன்னதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. அவர்கள் ஊரில் பிள்ளை என்றால் அதுதான்: பிள்ளை அழுகுது, பிள்ளை குடிக்குது, பிள்ளை படுத்திட்டுது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் சொல்லும்போது அந்த 'அது' வாயில் கற்கண்டு மாதிரிக் கரையும். இப்போது அவன் சொல்லும்போதெல்லாம் பாமதிக்குப் பல்லில் கல் கடிபட்டதுபோல இருந்தது. "அது இல்லை, அவள்" என்பாள். அவன் தலையை ஆட்டுவான். அடுத்த தடவையும் 'அது' என்றே சொல்வான். சொல்லிவிட்டு, கழுவ ஒன்றுமில்லாத கைகளைக் குழாயடியில் போய்க் கழுவுவான்.

அக்டோபரில் வகுப்புக்குத் திரும்பிய முதல் நாள், கரும்பலகையில் குடும்பத்தைப் பற்றிய சொற்கள் இருந்தன. பாமதி கையை உயர்த்தினாள்.

"பிள்ளை என்றால் எத் போட்டிருக்கிறாய். மகள் என்றால் என் போட்டிருக்கிறாய். ஒரே ஆள்தானே?" அந்த மொழியில் ஆசிரியையையும் நீ என்றுதான் சொல்ல வேண்டும்; அவளுக்கு அது இன்னும் கூச்சமாகவே இருந்தது.

"ஒரே ஆள்தான்" என்றார் பிர்கித்தா.

"அப்படியென்றால் ஏன்?"

"அதற்கு விதி கிடையாது, பாமதி. மனப்பாடம் செய்துகொள்." அவள் முகத்தைப் பார்த்த பிறகு, "மன்னித்துக்கொள்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஆனால் பாமதியின் காதுக்கு விதி தெரிந்தது. அந்த 'என்' அவளுக்கு அவள் மொழியின் 'என்' ஆகவே விழுந்தது. என் கதவு, என் ஆறு, என் அழுகை, என் மகள். எத் என்பது எட்டத்தில் நிற்கிற எதுவோ. மகளுக்கு அந்த மொழியில் 'தொத்தெர்' என்று பெயர். சமைக்கும்போதும் படியிறங்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அவள் அதைத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்: என் தொத்தெர், என் தொத்தெர். மனப்பாடம் செய்கிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள்.

ஊமைக் காலம் வந்தபோது ஊரை உண்மையில் உலுக்கியது ரயிலோ தண்ணீரோ அல்ல, பிள்ளைகள்தான். பிள்ளை எத் வீடு. ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லோரும், தொட்டிலில் கிடப்பதிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று வயதுவரைக்கும், அழுதாலும் கேட்கவில்லை, கூப்பிட்டாலும் கேட்கவில்லை. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி நிலவறைக்குள் அகப்பட்டு மூன்று மணி நேரம் கத்தியிருக்கிறாள். கடைசியில் பக்கத்து வீட்டு நாய் குரைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளின் கையிலும் காலிலும் சிறு மணிகளைக் கட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டால் ஊர் முழுக்க மணியோசை எழும்பும். அதற்கு நடுவே நூற்றுக்கணக்கான வாய்கள் திறந்திருக்கும், ஒரு குரலும் இருக்காது. ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளின் வயிற்றில் எந்தக் கருவி வைத்தாலும் எந்த இதயமும் கேட்கவில்லை, இதயமும் எத். தாதிமார் திரையில் அது துடிப்பதைக் காட்டி, பயப்படாதே, இதோ பார், பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதைக் கேள்விப்பட்ட அன்று பாமதி படிக்கட்டில் கைபிடியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றாள்.

எதிர்வீட்டில் மாலின் என்ற இளம்பெண் நான்கு மாதக் கைக்குழந்தை தூவாவோடு தனியாக இருந்தாள். மூன்று வாரமாக அவள் தன் பிள்ளையின் குரலைக் கேட்கவில்லை. பார்க்காத நேரத்தில் அழுதுவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்து அவள் கண்கள் உள்ளே போயிருந்தன. இரண்டு முறை பாமதியின் கதவைத் தட்டி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். இரண்டு முறையும் பாமதி முடியாது என்றாள். செப்டம்பருக்குப் பிறகு அவள் எந்தப் பிள்ளையையும் தொடவில்லை.

மூன்றாம் முறை மாலின் கேட்கவில்லை. பகல் பதினொரு மணி; காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்தவள் பிள்ளையைப் பாமதியின் கைகளில் வைத்தாள். "மருந்துக்கடைக்குப் போய்விட்டு வருகிறேன், இல்லாவிட்டால் விழுந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டு இருமிக்கொண்டே இறங்கிப் போய்விட்டாள்.

பாமதி கதவைக்கூட மூடாமல் நின்றாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை அரை மணி நேரம் கழித்து விழித்து அவளை ஒருமுறை பார்த்தது. உதடு கோணியது. பிறகு வாய் அகலத் திறந்து, முகம் சிவந்து, கண்ணீர் வழிந்து, வயிறு ஏறி இறங்கி அழுதது, ஒரு சத்தமும் இல்லை. தன் மகள் அழுதிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவள் ஆயிரம் முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஆயிரம் முறையும் அது இப்படித்தான் இருந்தது, முகம் மட்டும், சத்தமில்லாமல். வாசலிலேயே உட்கார்ந்து பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து, அழாதை என்று சொல்ல வாயெடுத்தாள். வந்தது அந்தச் சொல்தான், இரண்டு மாதமாக அவள் வாயில் குடியிருந்த சொல்.

"என் தொத்தெர்" என்றாள்.

தூவாவின் அழுகை படிக்கட்டு முழுவதும் கேட்டது. கீழ்வீட்டுக் கிழவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மருந்துப் பையோடு முதல் மாடிவரை ஏறியிருந்த மாலின் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, ஏறி முடிக்க முடியாமல் கடைசிப் படியில் முழங்கால் ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்தாய்?" என்று கேட்டாள் மாலின்.

"மகள் என்று சொன்னேன். என் போட்டு."

"நானும் எத்தனையோ முறை சொன்னேனே."

"எனக்கும் தெரியாது" என்றாள் பாமதி. "நான் சொல்கிற மாதிரிச் சொல்லிப் பார்."

அங்கே பிறந்தவர்கள் அந்த 'என்'னைச் சொல்வதே தெரியாமல் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். பாமதி அதில் நின்று சொன்னாள், விட்டால் போய்விடும் என்பதுபோலப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மாலினுக்கு அது வர ஒரு மணி நேரம் எடுத்தது. அடுத்த நாள் அவளுக்குத் தெரிந்த இருவர் வந்தார்கள், அதற்கடுத்த நாள் பதினொரு பேர். டிசம்பர் முடிவதற்குள் ஊரே வந்தது. பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, என் மகன், என் மகள் என்று அந்த 'என்'னில் தங்கிச் சொன்னால் குரல் வரும். கையிலிருந்து இறக்கினால் போய்விடும். பாமதி ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தாள். நாக்கு எங்கே நிற்க வேண்டும், மூச்சு எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினாள். சிலருக்கு எவ்வளவு சொல்லியும் வரவில்லை. அவர்களுடைய பிள்ளைகளைத் தானே வாங்கித் தன் மடியில் வைத்துச் சொன்னாள். பிர்கித்தா தன் பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து, மாணவியைப்போல அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, "திருத்து, பாமதி" என்றார்.

ஒரு நாள் கேதீஸ் வேலையிலிருந்து வந்தபோது வீட்டு வாசலில் பதினாறு சோடிச் சப்பாத்துகள் கிடந்தன. எல்லோரும் போகும்வரை குசினிக்குள் நின்றான். பிறகு வந்து அவளுக்கு எதிரே நின்றான்.

"இண்டைக்கு எத்தினை பேருக்குச் சொன்னனீர்?"

"எண்ணேல்லை."

"எங்கட பிள்ளைக்கெண்டு வைச்சிருந்த சொல்லை ஊருக்கெல்லாம் குடுத்து முடிக்கிறீர். பிறகு அதுக்கு என்ன மிஞ்சும்?"

பாமதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சொல் மகளுக்காக வைத்திருந்தது என்று அவனுக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் சொல்லுறது உங்களுக்குக் கேட்டதோ?"

"ஒவ்வொரு நாளும் கேட்டது. சமைக்கேக்கை சொல்லுவீர். படுக்கேக்கை சொல்லுவீர்."

"அப்ப ஏன் ஒருக்காலும் நீங்கள் சொல்லேல்லை?"

அவன் கை கழுவப் போனான். தண்ணீர் சத்தமில்லாமல் அவன் விரல்களில் விழுந்துகொண்டிருந்தது.

"தேயுதுதான்" என்றாள் அவள் அவன் முதுகைப் பார்த்து. "ஒவ்வொரு தரம் சொல்லேக்கையும் கொஞ்சம் தேயுது. அதுதான் பயமாயிருக்கு. முடியிறதுக்கு முதல் நாங்கள் ஒருக்கா அவளிட்டைப் போவம். எல்லாற்றை பிள்ளையளுக்கும் குரல் வந்தது தானே."

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் தேவாலயத் தோட்டத்துக்குப் போனார்கள். சூரியன் மரங்களுக்கு மேலே எழும்பாமல் கொஞ்ச நேரம் தலைகாட்டிவிட்டுப் போகிற காலம். பலகை பாதிவரை பனியில் மூடியிருந்தது. பாமதி முழங்கால் ஊன்றி இரண்டு கைகளையும் பனியின் மேல் வைத்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த அந்தச் சொல்லை, ஊரில் ஒருவருக்கும் சொல்லாத மாதிரிச் சொன்னாள். நின்று கேட்டாள். மறுபடி சொன்னாள். ஊசியிலை மரத்துக் கிளையொன்றிலிருந்து பனி பொத்தென்று விழுந்தது. தூரத்தில் பஸ் ஒன்று மேட்டில் ஏறியது. மூன்றாம் முறை சொன்னாள். அவளுடைய சொல்லில் பிழை இருக்கவில்லை, நாக்கும் மூச்சும் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றன. மற்ற எல்லா மௌனத்துக்கும் இலக்கணம் இருந்தது, இதற்கு இல்லை என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் அவள் அழுதாள். அழுகை என் வீடு, அது தோட்டம் முழுவதும் கேட்டது.

கேதீஸ் கையுறையைக் கழற்றினான். பக்கத்தில் குந்தி, பலகையின் மேலிருந்த பனியை வெறுங்கையால் துடைத்தான். துடைக்கத் துடைக்க விரல்கள் சிவந்தன.

"சாம்பவி" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இவளுக்குச் சாம்பவி எண்டு வைப்பம். நான் ஆவணியிலேயே நினைச்சு வைச்சிட்டன், பாமதி. முப்பத்தோராம் நாள் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

'இவள்' என்று அவன் சொன்னதை இருவருமே அப்போது கவனிக்கவில்லை. ஜனவரியில் கேதீஸ் தேவாலய அலுவலகத்துக்குப் போய்ப் பெயரை எழுதிக் கொடுத்தான். அங்கிருந்தவர் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

குளிர்காலம் நீண்டது. ஊருக்கு அது பழகிப்போனது. யார் வீட்டில் பெரியவர்கள் யார் அழுதாலும் கேட்பதும், யார் சிரித்தாலும் கேட்காததும் பழகிப்போனது. கடையில் பாமதியைக் கண்டால் பெண்கள் அவள் கையைப் பிடித்துவிட்டுப் போவார்கள். பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு சத்தத்துக்குக் காத்திருப்பது எப்படியென்று அந்த ஊரில் இப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் மாதம், ஆற்றில் பனிக்கட்டி உடைந்த வாரம், ஒரு பிற்பகல் ரயில் வருகிற சத்தம் கேட்டது. மணியடிக்க நின்றவர் மணியைக் கீழே வைத்தார். பிறகு குழாய்கள் கேட்டன, கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கேட்டது, செம்மறிகள் கேட்டன, அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டது. முந்நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். தகப்பன்மார் வேலையிடங்களிலிருந்து ஓடிவந்தார்கள். தாய்மார் பிள்ளைகளின் கையிலும் காலிலும் கட்டியிருந்த மணிகளை அறுத்துப் போட்டார்கள். ஐந்து மாதத்துச் சிரிப்பு ஒரே நாளில் கேட்டது. இனி யாரையும் தூக்கி வைத்திருக்கத் தேவையில்லை, எந்தச் சொல்லிலும் நின்று மூச்சைப் பிடிக்கத் தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் பழையபடி அந்த 'என்'னைச் சொல்வதே தெரியாமல் சொல்லத் தொடங்கினார்கள்.

பாமதி ஜன்னலருகே நின்று கேட்டாள். யாரும் அவளை மறந்துவிட நினைக்கவில்லை. மாலின்கூட அடுத்த நாள் கேக் செய்து எடுத்து வந்தாள். ஆனால் அன்று பிற்பகல் ஒருவரும் படியேறி வரவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க அவளோடு அந்த மௌனத்துக்குள் இருந்த ஊர், கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டது. உள்ளே அவள் மட்டும் இருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். தன் காலடிச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. குடியிருப்புக்கு நடுவிலிருந்த மர வாங்கில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகள் அவளைச் சுற்றி ஓடினார்கள், விழுந்தார்கள், சண்டை பிடித்தார்கள், சேற்றைப் பூசிக்கொண்டு வீரிட்டார்கள். ஒவ்வொரு குரலும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. பாதிப்பேர் அவள் மடியில் இருந்தவர்கள். அவள் காதைப் பொத்தவில்லை. வெளிச்சம் சாய்ந்தபோது ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன, தாய்மார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசிப் பிள்ளையும் போன பிறகு முற்றத்தில் கூரைத் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது.

மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.

"பாமதி" என்று கூப்பிட்டான் கேதீஸ். "சோறு ஆறுது. வாரும்."

"வாறன்" என்றாள் அவள். எழும்புவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதுவரைக்கும் அவன் ஜன்னலை மூடவில்லை.